பார்க்கின்சன் தொடக்க நிலையில் இருக்கும் அப்பாவை எப்படி நடக்க வைப்பது?

கேள்வி: 2 ஜூன் 2024

அப்பாவுக்கு வயது 64. வலது கையில் நடுக்கம், நடையில் தளர்ச்சி என்று காட்டப் போனதில், சென்ற தை மாதம் பார்க்கின்சன் நோய் என்று உறுதிசெய்தார்கள். மாத்திரை நன்றாகவே கேட்கிறது. ஆனால் நாள் முழுவதும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கிறார். நடக்கச் சொன்னால் "நாளைக்குப் பார்ப்போம்" என்கிறார். ஓடி ஓடி உழைத்த மனிதர் இப்படிச் சோம்பேறியாக மாறியதை என்னால் ஏற்க முடியவில்லை. தினமும் வீட்டில் இதே சண்டை. தொடக்க நிலைதானே, மாத்திரையே போதும், அவரை விட்டுவிடு என்கிறார் அம்மா. உடற்பயிற்சியால் உண்மையிலேயே பயன் உண்டா? உண்டென்றால் அவரை எப்படி எழுப்புவது?

3 ஜூன் 2024

தம்பி, உங்கள் அப்பா சோம்பேறி ஆகவில்லை. முதலில் அந்தச் சொல்லை வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். மற்றவற்றைப் பிறகு பேசலாம்.

நான் இந்த நோயோடு ஐந்தாம் ஆண்டில் இருக்கிறேன். பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன், திருவரங்கத்தில் வசிக்கிறேன். காலையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, எழுந்து நடக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நடந்தால் நல்லது என்பதும் தெரியும். கால் வலிக்கவில்லை, மனதில் துயரம் எதுவும் இல்லை. இருந்தும் எழுந்திருப்பதில்லை. வண்டியில் பெட்ரோல் இருந்தும் கிக்கர் பிடிக்காத நிலை அது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சோம்பலாகத்தான் தெரியும்.

நடுமூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிவதால் இந்த நோய் வருகிறது. டோபமின் கைகால் அசைவுக்கு மட்டும் உரியது என்றே பலரும் நினைக்கிறார்கள். ஒரு காரியத்தைத் தொடங்கும் உந்துதலும், அதைச் செய்து முடித்தால் கிடைக்கப்போகும் நிறைவை முன்கூட்டியே உணர்ந்து அதை நோக்கி நகர்வதும் டோபமினைச் சார்ந்தவைதான். ஆகவே முனைப்பு குன்றுவது, நடுக்கத்தைப் போலவே இந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று. சிலருக்குத் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. நடுங்கும் கையைப் பார்த்து "ஏன் நடுங்குகிறாய்" என்று யாரும் திட்டுவதில்லை. எழாமல் இருப்பவரை மட்டும் திட்டுகிறோம்.

மனச்சோர்வு இதிலிருந்து வேறுபட்டது. அதுவும் இந்த நோயில் அடிக்கடி வருவதுதான், அதற்குச் சிகிச்சையும் உண்டு. அப்பா அழுகிறாரா, தூக்கம் கெடுகிறதா, எதிர்காலம் இல்லை என்பது போல் பேசுகிறாரா என்று கவனித்து, அடுத்த முறை நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும்போது கட்டாயம் சொல்லுங்கள்.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு ஒரு வரியில் விடை: தொடங்கும் வேலையை அவர் தலையில் சுமத்தாதீர்கள், அதை வெளியிலிருந்து யாராவது செய்ய வேண்டும். பயன் உண்டா என்பதற்கு நிதானமாக எழுதுகிறேன்.

5 ஜூன் 2024

பயன் உண்டு. எவ்வளவு என்பதில்தான் கவனம் வேண்டும். மிகைப்படுத்திச் சொல்லி, பிறகு நோயாளி ஏமாந்து எல்லாவற்றையும் விட்டுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவில் கொலராடோ, நார்த்வெஸ்டர்ன் உள்ளிட்ட பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய ஸ்பார்க்ஸ் ஆய்வு 2018-இல் வெளியானது. உங்கள் அப்பாவைப் போலத் தொடக்க நிலையில் இருப்பவர்கள்தான் அதில் பங்கெடுத்தார்கள்: நோய் கண்டறிந்து ஐந்தாண்டுக்குள் இருப்பவர்கள், 40 முதல் 80 வயது வரை, ஆனால் அப்பாவைப் போலன்றி, பார்க்கின்சன் மாத்திரை இன்னும் தொடங்காதவர்கள். மொத்தம் 128 பேர். ஒரு பிரிவினர் டிரெட்மில்லில் இதயத்தின் உச்சத் துடிப்பில் 80 முதல் 85 விழுக்காட்டை எட்டும் அளவுக்கு வேகமாக, வாரம் நான்கு நாள் நடக்க வேண்டும். இன்னொரு பிரிவினர் 60 முதல் 65 விழுக்காட்டில் நடக்க வேண்டும். மூன்றாம் பிரிவினர் வழக்கம்போல் இருந்தார்கள். அசைவுக் குறைபாட்டுக்கு மருத்துவர்கள் மதிப்பெண் போடுவார்கள். மதிப்பெண் கூடினால் நோய் கூடியிருக்கிறது என்று பொருள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கம்போல் இருந்தவர்களுக்கு 3.2 புள்ளி கூடியிருந்தது. மிதமாக நடந்தவர்களுக்கு 2.0. வேகமாக நடந்தவர்களுக்கு 0.3 மட்டுமே.

மூன்று புள்ளி பெரிய வேறுபாடு இல்லை என்று நினைக்கலாம். ஆறு மாதத்தில் அவர்கள் ஏறத்தாழ இருந்த இடத்திலேயே நின்றார்கள் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆனால் இது ஆறு மாதக் கணக்குதான். மேலும், நோயின் போக்கையே உடற்பயிற்சி மாற்றுகிறதா, அல்லது உடலைப் பலப்படுத்தி அறிகுறிகளைக் குறைக்கிறதா என்பதற்கு இந்த ஓர் ஆய்வு முடிவான விடை தராது. அதிக எண்ணிக்கையிலானோரை வைத்து அதே ஆய்வாளர்கள் அடுத்த கட்டத்தை நடத்திவருகிறார்கள்.

அந்த ஆய்வில் என்னை மிகவும் ஆறுதல்படுத்திய எண் வேறு. வாரம் நான்கு நாள் என்று விதித்தார்கள். வேகமாக நடந்த பிரிவினர் சராசரியாக 2.8 நாள்தான் வந்தார்கள். இத்தனை கண்காணிப்புக்கு நடுவிலும் அவ்வளவுதான் முடிந்தது. அந்த 2.8 நாளில்தான் மேலே சொன்ன பலன் கிடைத்தது. ஒரு நாள் அப்பா வர மறுத்தால் எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம்.

9 ஜூன் 2024

"வேகமாக" என்றால் எவ்வளவு என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். டிரெட்மில்லோ துடிப்பு காட்டும் கைக்கடிகாரமோ இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. நடக்கும்போது துண்டு துண்டான சொற்றொடர்களில் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் அது உலா. நான்கு சொல் சொல்வதற்குள் மூச்சு வாங்கினால் அது நல்ல வேகம். பேசவே முடியாவிட்டால் குறைக்க வேண்டும்.

எண்ணில் கணக்கிட விரும்புபவர்கள் 220-இலிருந்து வயதைக் கழிப்பார்கள். 62 வயதென்றால் 158. அதில் 80 விழுக்காடு ஏறத்தாழ 126. ஆனால் இரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோபுரொலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அந்த மருந்துகள் துடிப்பை ஏறவிடா. அவர்கள் பேச்சை வைத்தே அளக்கலாம். நெஞ்சு வலி வந்தவர்கள், சர்க்கரை நோய் நெடுநாளாக இருப்பவர்கள், பல ஆண்டு நடக்காமலே இருந்தவர்கள் முதலில் இதய மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் வேகத்தைக் கூட்ட வேண்டும். இதில் எந்தச் சலுகையும் கிடையாது.

முதல் வாரமே இந்த வேகத்துக்குப் போகக் கூடாது. எனக்கு அந்த நிலைக்கு வரச் சில மாதங்கள் ஆயின.

9 ஜூன் 2024, இரவு

சொல்ல மறந்தது: இந்த நோயில் எழுந்து நின்றதும் இரத்த அழுத்தம் சரியலாம், மாத்திரையாலும் அது கூடலாம். திருச்சி வெயிலில் வியர்த்து நீர் குறைந்தால் இன்னும் மோசம். புறப்படும் முன் ஒரு சொம்பு தண்ணீர் குடிக்கட்டும். திண்ணையில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு அதன்பின் அடியெடுத்து வைக்கட்டும்.

14 ஜூன் 2024

மாத்திரை நேரத்துக்கும் நடை நேரத்துக்கும் தொடர்பு உண்டு. லெவோடோபா (மூளையில் டோபமினாக மாறும் மருந்து) மாத்திரை எடுத்து, அது வேலை செய்யத் தொடங்கிய பிறகு நடந்தால் கால் தானாக வருகிறது. மாத்திரையின் வேகம் இறங்கிய நேரத்தில் நடந்தால் ஒவ்வோர் அடியும் கூலிவேலை போல ஆகிவிடுகிறது. வற்புறுத்தி அழைத்துப்போகும் பிள்ளைகள் பலரும் தங்களுக்கு வசதியான நேரத்தில் அழைத்துப்போகிறார்கள். மாலை அலுவலகம் முடிந்து வந்து "வாங்கப்பா" என்கிறார்கள். அப்போது அப்பாவின் மாத்திரை இறங்கியிருக்கும். அவர் மறுப்பார். பிறகு சண்டை. இரண்டு நாள் அவரோடு இருந்து, எந்த நேரத்தில் சட்டைப் பொத்தானை எளிதாகப் போடுகிறார் என்று பாருங்கள். அதுதான் நடக்க வேண்டிய நேரம்.

உணவில் உள்ள புரதம் லெவோடோபா உடலில் சேர்வதற்குப் போட்டியாக நிற்கும். எனவே பால், பருப்பு, முட்டை, சுண்டல் ஆகியவற்றோடு சேர்த்து விழுங்காமல், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே மாத்திரையை எடுத்துக்கொள்வது எனக்கு ஒத்துவந்தது. வெறும் வயிற்றில் குமட்டுகிறவர்கள் ஒரு பிஸ்கட்டோ ஒரு வாழைப்பழமோ சாப்பிடலாம். புரதத்தையே குறைத்துவிடாதீர்கள், தசை கரைந்தால் நடக்க எதுவும் மிஞ்சாது. நேரத்தை மாற்றினால் போதும், அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

23 ஜூன் 2024

விழுந்துவிடுவோம் என்ற பயத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். பாஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெரி எலிஸ் முதலியோர் 260 நோயாளிகளிடம், உடற்பயிற்சி செய்பவர்களையும் செய்யாதவர்களையும் பிரிப்பது எது என்று ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். மூன்று காரணங்கள் மேலெழுந்தன: இதனால் பெரிய பலன் ஒன்றும் வராது என்ற எண்ணம், நேரம் இல்லை என்பது, விழுந்துவிடுவோம் என்ற பயம்.

முதற்காரணம் எங்கிருந்து வருகிறது என்பதை யோசித்துப் பாருங்கள். நோயைச் சொன்ன அன்று எனக்கு மாத்திரைச் சீட்டு எழுதப்பட்டது. அளவு, வேளை, பக்கவிளைவு எல்லாம் விளக்கப்பட்டன. எழுந்து வரும்போது, "கொஞ்சம் வாக்கிங்கும் போங்க" என்று ஒரு வாக்கியம். எத்தனை நிமிடம், எந்த வேகம், எதற்காக என்று எதுவும் இல்லை. அப்படிச் சொல்லப்பட்டதை யார் மருந்தாக எடுத்துக்கொள்வார்கள்? உங்கள் அம்மா "மாத்திரையே போதும்" என்பதும் இதனால்தான். அவரைக் குறைசொல்ல எதுவும் இல்லை. மருத்துவர் வாயால், அம்மாவும் உடன் இருக்கும்போது, வாரத்துக்கு இத்தனை நாள் இத்தனை நிமிடம் என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். அமெரிக்காவின் பார்க்கின்சன் ஃபவுண்டேஷன் 2021-இல் வெளியிட்ட பரிந்துரையே எழுதக்கூடிய அளவில் இருக்கிறது: மூச்சு வாங்கும் பயிற்சி வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் 30 நிமிடம், தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் வாரம் இரண்டு மூன்று நாள், இவற்றோடு உடலை நீட்டி நெகிழ்த்தும் பயிற்சி.

பயத்தைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. எந்த ஆய்விலும் அது முதலிடத்தில் வந்து நான் பார்க்கவில்லை, நம் தெருக்களில் மட்டும் பார்க்கிறேன். கூச்சம். "கை ஏன் இப்படி ஆடுது?" என்று பழக்கடைக்காரர் கேட்பார். "சர்க்கரையா? குடியா?" என்று சந்தேகமாகப் பார்ப்பவர்களும் உண்டு. என்னிடம் படித்த மாணவர்கள் வீதியில் எதிர்ப்படுவார்கள், வணங்குவார்கள், நான் கையை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொள்வேன். இந்தக் கூச்சத்தால் நெடுநாள் விடியலுக்கு முன் இருட்டில்தான் நடந்தேன். பார்க்கின்சன் உள்ளவர்கள் நடக்கும்போது கண்ணை மிகவும் சார்ந்திருக்கிறார்கள். தரை தெரியாவிட்டால் அடி குறுகும், தடுமாற்றம் கூடும். கூச்சம் என்னை அதிகம் விழ வாய்ப்புள்ள நேரத்துக்கே கொண்டுபோய்த் தள்ளியிருந்தது.

என்னை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் எதிர்வீட்டு நண்பர். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். "சார், ஆறரைக்கு வாசல்ல நிக்கிறேன்" என்றார். அவர் அறிவுரை சொன்னதில்லை, நோயைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. ஆறரைக்கு வாசலில் நின்றார். ஒருவர் நிற்கும்போது போகாமல் இருக்க என்னால் முடியவில்லை. நான் மூன்றாம் தேதி எழுதிய, வெளியிலிருந்து யாராவது தொடங்கிவைக்க வேண்டும் என்பதன் பொருள் இதுதான். யாராவது கேட்டால் "நரம்புல கோளாறு, மருந்து சாப்பிடுறார்" என்று அவரே சொல்லிவிடுவார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

24 ஜூன் 2024

மூலை திரும்புவது பற்றி ஒருவர் கேட்டதற்கு. நாங்கள் கோயிலைச் சூழ்ந்த சித்திரை வீதிகளைச் சுற்றி வருகிறோம். ஒரு சுற்றுக்கு நான்கு மூலை. ஒரே இடத்தில் காலூன்றிச் சட்டென்று திரும்பக் கூடாது. மூலைக்குச் சில அடி முன்பிருந்தே வளைவாகத் திரும்ப வேண்டும். வீட்டில் கதவருகே, சமையலறை மேடையருகே திரும்பும்போதும் இதே முறைதான். திரும்பும்போது விழும் ஆபத்து அதிகம்.

7 ஜூலை 2024

ஊக்குவிப்பது பற்றியே பெரிய அளவில் செய்த ஓர் ஆய்வைப் பற்றி எழுத நினைத்திருந்தேன். நெதர்லாந்தில் நடந்த பார்க்ஃபிட். உட்கார்ந்தே இருக்கும் பழக்கமுள்ள 586 நோயாளிகள், 32 மருத்துவமனைகள், இரண்டு ஆண்டுகள்; 2013-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான பிசியோதெரபி. மற்றொரு பிரிவினருக்கு, பயிற்சியாளரே உடனிருந்து ஊக்கம் தருபவராகவும் செயல்பட்டார்: இலக்கு வைத்து ஒப்பந்தம் எழுதிக்கொள்வது, தினக்குறிப்பு எழுதுவது, அசைவை அளக்கும் கருவியை அணிவது, தடைகளைப் பேசித் தீர்ப்பது.

முடிவு என்ன தெரியுமா? முதன்மைக் கேள்வியில் வேறுபாடு இல்லை. வாரத்தில் எவ்வளவு நேரம் இயங்கினீர்கள் என்று கேள்வித்தாள் வைத்துக் கேட்டபோது இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒன்றுபோலவே சொன்னார்கள். ஆனால் உடலில் அணிந்த கருவியின் கணக்கிலும், ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்ற சோதனையிலும் ஊக்கம் பெற்ற பிரிவினர் முன்னே இருந்தார்கள். அது முதன்மைக் கேள்வி அல்ல என்பதால் ஆய்வாளர்கள் அடக்கமாகவே எழுதினார்கள்; அப்படித்தான் எழுத வேண்டும்.

நோயாளியாக நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டவை இரண்டு. ஒன்று, "இன்றைக்கு நடந்தீர்களா?" என்று வாயால் கேட்டுப் பெறும் பதிலை நம்பி எதையும் தீர்மானிக்க வேண்டாம், நாட்காட்டியில் கோடு போடுவது நம்பகமானது. இரண்டு, இலக்கு, குறிப்பேடு, நல்ல பயிற்சியாளர் எல்லாம் சேர்ந்தும் இரண்டு ஆண்டில் மலையைப் புரட்டவில்லை. ஆகவே உங்கள் வீட்டில் இரண்டு வாரத்தில் பெரிய மாற்றம் வரவில்லையென்றால் அது உங்கள் தோல்வியும் ஆகாது, அப்பாவின் தோல்வியும் ஆகாது.

அதே நாட்டில் நைமேகன் நகரிலுள்ள ரட்பவுட் பல்கலைக்கழக மையம் அடுத்துச் செய்த ஆய்வு 2019-இல் லான்செட் நியூராலஜியில் வந்தது. நோய் தீவிரமாகாத 130 பேர். ஒரு பாதியினர் வீட்டிலேயே நிலையான சைக்கிளில் வாரம் மூன்று முறை, 30 முதல் 45 நிமிடம். சைக்கிளின் முன் திரை இருக்கும். அதில் விளையாட்டு, காணொளிப் பாதை எல்லாம் ஓடும். பயிற்சியாளர் தொலைவிலிருந்து கவனித்து அழைத்துப் பேசுவார். மறுபாதியினர் உடலை நீட்டி நெகிழ்த்தும் பயிற்சி செய்தார்கள். ஆறு மாதத்துக்குப் பின், மாத்திரை வேகம் இறங்கிய நிலையில் அளந்தபோது, அசைவுக் குறைபாட்டு மதிப்பெண்ணில் இரு பிரிவினருக்கும் இடையே 4.2 புள்ளி வேறுபாடு; சைக்கிள் ஓட்டியவர்களே நல்ல நிலையில் இருந்தார்கள். வீட்டை விட்டு வெளியே போக வேண்டியதில்லை, மழை இல்லை, கூச்சம் இல்லை, தொடர்ந்து அழைத்துப் பேச ஆள் உண்டு. முந்தைய ஆய்வில் அறிவுரையாக இருந்ததை இதில் வீட்டுக்குள்ளேயே ஏற்பாடாக வைத்துவிட்டார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

21 ஜூலை 2024

"அம்மாவுக்கு நோய். விடிந்ததிலிருந்து வீட்டுவேலை செய்கிறார். அதுவே உடற்பயிற்சி என்கிறார். சரியா?" என்று ஒரு மகள் கேட்டிருக்கிறார். கூடவே, வாசலில் அம்மா போடும் கோலம் முன்பைவிடச் சிறுத்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறார். கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள் அம்மா. நான் கரும்பலகையில் எழுதிய எழுத்து சிறுத்ததைப் பள்ளியில் ஒருவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

இந்த நோய் எல்லா அசைவையும் சுருக்குகிறது. எழுத்து, அடி, கைவீச்சு, குரல் எல்லாமே சிறுக்கின்றன. சிறுத்தது தனக்கே தெரியாது என்பதுதான் சிக்கல். வீட்டுவேலை நாள் முழுவதும் நடந்தாலும் அதில் பெரும்பகுதி குறுகிய இடத்தில் குறுகிய அசைவு. மூச்சு வாங்கும் அளவுக்குத் துடிப்பு ஏறுவதும் அரிது. எனவே அதோடு தனியாக ஒரு பயிற்சி வேண்டும். அசைவை வேண்டுமென்றே பெரிதாக்கிச் செய்யும் பயிற்சிமுறை ஒன்று உண்டு. பெர்லினில் 2010-இல் அதைச் சோதித்தார்கள், வாரம் நான்கு நாள், நான்கு வாரம், ஒருவருக்கு ஒருவர் என்று சொல்லித்தந்து. அதே நேரத்தில் கைத்தடி ஊன்றி வேக நடை பழகியவர்களைவிட இவர்கள் நன்றாக முன்னேறினார்கள். தெரிந்த பிசியோதெரபிஸ்ட் இருந்தால் "பெரிய அசைவுப் பயிற்சி தெரியுமா?" என்று கேளுங்கள்.

அம்மாவுக்கு நேரம் எங்கே இருக்கிறது என்பதையும் கேட்டுவிடுகிறேன். எனக்கு ஆறரைக்கு வாசலில் நண்பர் நின்றார். வீட்டில் காபியும் பலகாரமும் என் மனைவி கையால் தயாரானதால்தான் நான் போக முடிந்தது. நோய் வந்த பெண்ணுக்கு அந்த ஆறரை மணி யாருடையது? வீட்டில் மற்றவர்கள் அடுப்பை ஏற்றுக்கொள்ளாமல் "நடம்மா" என்று சொல்வதில் பயனில்லை.

4 ஆகஸ்ட் 2024

எந்தப் பயிற்சி சிறந்தது என்று இங்கே நீண்ட சண்டை நடக்கிறது. நடையா, யோகாவா, சைக்கிளா, நடனமா?

ஆரிகன் மாநிலத்தில் 195 பேரை வைத்து நடத்திய, 2012-இல் வெளியான ஆய்வில், டை சி என்ற சீனப் பயிற்சியை வாரம் இருமுறை ஆறு மாதம் செய்தவர்களின் உடல் சமநிலை முன்னேறியது. நீட்டிப் பழகியவர்களைவிட அவர்கள் குறைவாகவே விழுந்தார்கள். நியூயார்க்கின் புரூக்ளினில் மார்க் மாரிஸ் நடனக் குழு 2001 முதல் பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு நடன வகுப்பு நடத்திவருகிறது. இண்டியானாபொலிசில் இந்த நோய் வந்த ஒரு வழக்கறிஞர் 2006-இல் குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடமே தொடங்கினார்; எதிராளி இல்லாமல் மூட்டையைக் குத்தும் பயிற்சி. இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பதைப் பாருங்கள்: குறித்த நேரம், சொல்லித்தர ஓர் ஆள், சேர்ந்து செய்யச் சிலர். அவர் தொடர்ந்து செய்வது எதுவோ அதுவே சிறந்தது. அதில் மூச்சு வாங்கும் பகுதி ஒன்றும் சமநிலைப் பகுதி ஒன்றும் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

சைக்கிள் ஓட்டலாமா என்றால், வீட்டுக்குள் நிலையான சைக்கிள் ஓட்டலாம். நம் சாலையில் வேண்டாம்.

18 ஆகஸ்ட் 2024

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார்: அப்பா இப்போது பக்கத்து வீட்டு மாமாவுடன் பால் வாங்கப் போகிறார், பேரனைப் பள்ளி வேன் வரை கூட்டிப்போகிறார், "நடை" என்ற பேச்சையே வீட்டில் எடுப்பதில்லை. மிக நல்லது. வேன் நிற்கும் இடத்தை இன்னும் ஒரு தெரு தள்ளி வைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். பேரனை "தாத்தா, வேகமா" என்று சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் வரும் கோபம் அவனிடம் வராது.

27 அக்டோபர் 2024

மழை தொடங்கிவிட்டது. நடை நின்றுவிட்டது என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். நிற்கத்தான் செய்யும். காய்ச்சல், ஊர்ப் பயணம், கல்யாணம், சாவு, மழை எதுவும் நம்மைக் கேட்டு வருவதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வார இடைவெளி வெறும் ஒரு வாரம். நமக்கு அது மறுபடி முதலிலிருந்து தொடங்குவது. தொடங்குவதுதான் நமக்கு உடைந்திருக்கும் உறுப்பு. ஆகவே மாற்று ஏற்பாட்டை இடைவெளி வந்தபின் யோசிக்காமல், நடை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் நாட்களிலேயே தீர்மானித்து வைக்க வேண்டும்.

எங்கள் வீட்டு ஏற்பாடு: மழை பெய்தாலும் ஆறரைக்கு நண்பர் வருவார். கூடத்தில் கைப்பிடி இல்லாத நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது, மாடிப்படியில் பக்கச்சுவரைப் பிடித்து ஏறி இறங்குவது, சுவரோரம் நின்று ஒரு காலில் சமநிலை பழகுவது. வானொலியில் தாளம் தெளிவாக உள்ள பாட்டு ஓடும். தாளம் கேட்டால் கால் அதோடு சேர்ந்துகொள்கிறது. இது என் அனுபவம் மட்டும் அன்று. சீரான ஓசை அடியின் நீளத்தையும் வேகத்தையும் சரிசெய்வதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நேரம் மாறவில்லை, ஆள் மாறவில்லை, இடம் மட்டும் மாறியது. மழை விட்ட அன்று வீதிக்கு இறங்குவது கடினமாக இல்லை.

17 நவம்பர் 2024

ஜூலையில் வீட்டுவேலை பற்றி எழுதியதோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தினர், தொடக்க நிலை நோயாளிகள் 237 பேரின் பல ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டார்கள். ஆய்வில் சேர்ந்தபோது ஒருவர் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தார் என்பதற்கும் பிறகு நோய் போன போக்குக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆண்டுதோறும் அந்தச் சுறுசுறுப்பைக் காத்துக்கொண்டாரா என்பதற்குத் தொடர்பு இருந்தது. அப்படிக் காத்துக்கொண்டவர்களுக்கு நடையும் சமநிலையும் அன்றாடச் செயல்திறனும் மெதுவாகவே குறைந்தன. மூச்சு வாங்கும் பயிற்சிக்கு நடை, சமநிலையோடு தொடர்பு; தொழில் சார்ந்த இயக்கத்துக்குச் சிந்தனையின் வேகத்தோடு தொடர்பு. எனவே அந்த அம்மாவின் இயக்கத்தை யாரும் நிறுத்திவிட வேண்டாம். அதைக் குறைக்காமல், வேறொன்றைச் சேர்க்க வேண்டும்.

இது தொடர்பைக் காட்டும் ஆய்வு. நோய் மெதுவாகப் போகிறவர்களால்தான் சுறுசுறுப்பாக இருக்க முடிந்தது என்றும் ஒருவர் வாதிடலாம். ஆய்வாளர்கள் அதற்கெனக் கணக்கில் சில திருத்தங்கள் செய்தும், அந்தக் கேள்வி முழுமையாக நீங்குவதில்லை. ஸ்பார்க்ஸ் போன்ற சோதனைகளோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் எனக்கு நம்பிக்கை வருகிறது.

8 டிசம்பர் 2024

பூனைக்காலி விதைப் பொடி சாப்பிட்டால் நடையும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பூனைக்காலியில் லெவோடோபா இருப்பது உண்மை. உண்மை என்பதால்தான் எச்சரிக்கையும் வேண்டும்: மாத்திரை எடுப்பவர் அதையும் சேர்த்தால் அளவு எவ்வளவு உள்ளே போகிறது என்று யாருக்கும் தெரியாது. குமட்டல், அழுத்தச் சரிவு, கட்டுப்படாத அசைவுகள் வரலாம். எடுப்பவர்கள் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். எந்தப் பொடியும் கால் தசையை வளர்க்காது.

5 ஜனவரி 2025

வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் தொடங்கிவிட்டதால் சித்திரை வீதியில் இந்த வாரம் நடக்க முடியாது; கூடத்து ஏற்பாடு நடக்கிறது.

தம்பி, அடுத்த வாரம் அப்பாவை மருத்துவரிடம் அழைத்துப்போவதாக எழுதியிருந்தீர்கள். நாட்காட்டியைக் கையோடு எடுத்துப்போங்கள். எந்த நாள் நடந்தார், மூச்சு வாங்கியதா, மாத்திரை எடுத்து எவ்வளவு நேரத்தில் நடை எளிதாயிற்று, எப்போது மாத்திரையின் வேகம் இறங்கியது, எங்கே தடுமாறினார் என்று எழுதியிருந்தால் மருந்தளவைத் தீர்மானிக்கவும் அது உதவும். நின்ற நிலையில் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். பிசியோதெரபிஸ்டிடம் இப்போதே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகே அங்கே அனுப்புவது நம் ஊரில் வழக்கமாக இருக்கிறது. நன்றாக நடக்கும் காலத்தில் கற்ற அசைவுதான் பிறகு கைகொடுக்கும். "முனைப்பு குறைந்திருக்கிறது" என்பதை அப்பா முன்னிலையிலேயே, குற்றச்சாட்டாகத் தொனிக்காமல், ஓர் அறிகுறியாகச் சொல்லுங்கள். எனக்காக என் மனைவி அதை அப்படிச் சொன்ன அன்றுதான், எனக்குள் நடப்பது என்னுடைய குணக்கேடு இல்லை என்று நானே முதன்முதலாக நம்பினேன்.

மருத்துவர் சொன்னதை இங்கே எழுதுங்கள். பிசியோதெரபி எவ்வளவு செலவாகிறது என்பதையும் எழுதினால் மற்றவர்களுக்கு உதவும்.